அதிர்வடக்கி

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் ஒன்றைப் பட்டறையார் ‘ஷாக் அப்சார்பர்’ என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்குகின்றனர். தமிழில் எழுதுவோர் அதனை ‘அதிர்வு தாங்கி’ என்பர். தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இப்பெயர் பொருத்தமானதுதானா என்னும் ஐயம் சென்ற ஆண்டில் உண்டாயிற்று. அவ்வையம் நூலகத்தில் உண்டாகவில்லை. கொருக்குப்பேட்டையில், எங்கள் வீட்டுப் பழைய வண்டியின் முன்னிருக்கையில் உண்டாயிற்று. அது தோன்றிய வகையையும் தீர்ந்த வகையையும் ஈண்டுக் கூற விரும்புகிறேன். சொல்லாராய்ச்சியென்று தொடங்கி மோட்டார்ப் பட்டறைக்குள் நுழையும் இக்கட்டுரையை நம் கல்லூரி அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

எங்கள் வண்டி ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’. அது சென்னையிற் பிறந்தது. 1948-இல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் அவ்வகை வண்டிகளை உருவாக்கினர். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்பதே அதற்கு மூலம். அதன் வடிவை வகுத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இயந்திரம் சிறியது, 948 கன சென்டிமீட்டர் அளவினது. வண்டியின் முகப்பு முழுவதும், சக்கரங்களுக்கு மேலுள்ள தகடுகளோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். திறந்துவிட்டால் முன் சக்கரங்களும் அவற்றுக்குரிய சுருள்வில்களும் ஒளிவின்றித் தோன்றும். எங்கள் தெருச் சிறுவர்க்கு அது ‘முதலை வண்டி’.

என் பாட்டனார் 1978-இல், பிறர் ஓட்டிப் பழகிய நிலையில், அதனை வாங்கினார். அவர் காலத்திற்குப் பின் அதனைப் பேணி வருபவர் என் சிறிய தந்தையார். பாட்டியாரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்திற்கும், மாதம் ஒருமுறை ஸ்டான்லி மருத்துவமனைக்கும் கொண்டு செல்வது அவ்வண்டியே. பாட்டியார்க்கு இடுப்பெலும்பு முறிந்து கூடியது முதல் ஆட்டோவின் குலுக்கலை அவரால் பொறுக்க இயலவில்லை. பேருந்தின் படியேறவும் இயலவில்லை. ஆகலின் அவ்வண்டி எங்கள் வீட்டில் அழகுக்காக நிறுத்தி வைத்த பொருளன்று. அது நின்றால் பாட்டியாரும் வீட்டிலேயே நிற்பார்.

என் சிறிய தந்தையார்க்கோ அவ்வண்டியின்மேல் வேறொரு பற்றும் உண்டு. சென்னைக்கு வடக்கே, கல்கத்தாப் பெருஞ்சாலைப் பக்கத்தில், சோழவரம் என்னும் ஊர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று அங்கே இருந்தது. 1953-இல் தோன்றிய ‘மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்’ என்னும் கழகத்தார் அத்தளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தினர். 1990-இல் திருப்பெரும்பூதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுக்குரிய பந்தயத் தளம் திறக்கப்பட்டது. அதற்குமுன் நம் பக்கத்து இளைஞர்க்குப் பந்தயம் என்றால் சோழவரமே. 1980-களில் சிறுவராயிருந்த என் சிறிய தந்தையாரைப் பாட்டனார் இதே ஹெரால்டில் ஏற்றிச் சோழவரத்திற்கு அழைத்துச் செல்வாராம். கட்டுச்சோறும் தண்ணீர்க் கூசாவும் பின்னிருக்கையில் இருக்குமாம். தந்தையின் தோளில் அமர்ந்து கேட்ட இயந்திர முழக்கம் இன்றும் காதில் நிற்பதாக அவர் சொல்வார். அவர் தந்தையாரோடு தனித்துக் கழித்த நாள்கள் அவையே போலும். துறைமுகப் பணி செய்த பாட்டனார்க்கு ஓய்வு நாள்கள் அரியனவாயிருந்தன.

போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்த விமானத் தளங்கள் பந்தயத் தளங்களாக மாறியது சோழவரத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தளத்தில் 1948-இல் பெரும்பந்தயம் நடந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாண்டா அனா என்னுமிடத்து விமானத் தளத்தில், 1950-இல் வேறொரு வகைப் பந்தயம் தொடங்கியது. அதுவே ‘டிராக்’ பந்தயம். அதற்கென ஒரு தேசியச் சங்கத்தை வாலி பார்க்ஸ் என்பார் 1951-இல் நிறுவினார். இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, குறி கண்டவுடன் புறப்பட்டு, நேர்கோட்டில் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர், ஓடும், முந்தியது வெல்லும். அப்பாதையில் வளைவில்லை, மேடுபள்ளமில்லை, எதிரே வருவாரும் இல்லை.

சென்ற ஆண்டு என் சிறிய தந்தையார் அத்தகைய பந்தய வண்டிகளுக்கென்றே செய்யப்பட்ட ஷாக் அப்சார்பர் ஒரு சோடி நண்பர் ஒருவர் வழியாகப் பெற்றார். ஹெரால்டின் முன்புறத்தில் அவை அளவு பொருந்தின. பழையன எண்ணெய் கசிந்து ஓய்ந்திருந்த காலம் அது. “சோழவரம் திரும்பி வந்தது” என்று சொல்லிக்கொண்டே அவர் அவற்றைத் தம் கையாலேயே பூட்டினார். பூட்டியபின் முகப்பை இரு கையாலும் அழுத்தினார். அது எளிதில் அமுங்கவில்லை. “பார்த்தாயா, வண்டி எவ்வளவு கெட்டியாகிவிட்டது!” என்றார். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று.

இனி, கொருக்குப்பேட்டையின் சாலைகளை அறியாத அன்பர்க்கு ஒன்று கூறவேண்டும். துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும், சரக்கு இரயில் முற்றத்திற்கு வந்துபோகும் லாரிகளும் எங்கள் பக்கத்துச் சாலைகளை ஓயாது மிதிக்கின்றன. தார் ஓரிடத்தில் வழிந்து மேடாகும். மற்றோரிடத்தில் பெயர்ந்து குழியாகும். குழாய் பதிக்க வெட்டி மூடிய வடுக்கள் குறுக்கே கிடக்கும். எங்கள் தெருமுனையிலிருந்து கால் மைல் தொலைவை யான் ஒருநாள் நடந்து எண்ணினேன். வேகத்தடை நான்கு, வெட்டு வடு ஆறு, வளைவு இரண்டு, வண்டி தானே மெதுவாகிவிடும் பெருங்குழி ஒன்று. அமெரிக்கருக்கும் கால் மைல், எங்களுக்கும் கால் மைல். அளவு ஒன்றே, பாதைகள் வேறு.

புதிய கருவிகளோடு பாட்டியாரை ஏற்றிச் சென்ற முதல் ஞாயிறே வேற்றுமை தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரம் ஏறுங்கால் இருக்கை வழியே ஓர் இடி மேலே வந்தது. அடுத்த நொடியில் முகப்பு துள்ளி எழுந்தது. எழுந்தது உடனே அமராமல் மிதந்து நின்றது. தொடர்ந்து இரண்டு மூன்று மேடுகள் வருமாயின் முகப்பு வரவர உயர்ந்துகொண்டே சென்றது. பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆலயம் சேரும் வரை முன்னிருக்கையின் முதுகை இறுகப் பற்றியிருந்தார். அடுத்த ஞாயிறு தமக்குத் தலைவலி என்று வீட்டில் தங்கிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அவர்க்கு ஏதோ ஒரு காரணம் கிடைத்தது. தம் மகனின் மகிழ்ச்சியைக் கெடுக்க அவர் விரும்பவில்லை என்பது எனக்குப் புரிந்தது. என் சிறிய தந்தையார்க்குப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள அவர் மனம் இடந்தரவில்லை.

மருத்துவமனைக்குச் செல்லும் நாளைத் தள்ளிவைக்க இயலாதன்றோ? அன்று திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. இருப்புப்பாதையைக் கடந்தோம். தண்டவாளத்தைத் தாண்டியவுடன் முகப்பு வழக்கம்போல் துள்ளி உயர்ந்தது. அந்நொடியில் இடப்புறச் சந்திலிருந்து மீன்பாடி வண்டி ஒன்று குறுக்கே வந்தது. அதில் பனிக்கட்டிப் பெட்டிகள், அவற்றின்மேல் ஒரு சிறுவன். சிறிய தந்தையார் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். முன் டயர்கள் ஈரத் தரையைச் சரிவரப் பற்றாமையால் வண்டி திரும்பத் தாமதித்தது. பிரேக்கை முழுதும் மிதித்தார். ஒரு சாண் இடைவெளியில் நின்றோம். சிறுவன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் சிறிய தந்தையாரின் கைகள் நடுங்கின. பாட்டியார் சிறிது நேரம் கழித்து, “உன் அப்பா வைத்திருந்தபோது இந்த வண்டி என்னை ஒருநாளும் பயமுறுத்தியதில்லையே, ராசா” என்றார். அவர் குரலில் கடிதல் இல்லை. சிறிய தந்தையார் விடையொன்றும் கூறாமல் மெல்ல வீடு சேர்த்தார்.

மறுநாள் வண்டி பட்டறைக்குச் சென்றது. அப்பட்டறையின் மேஸ்திரியார் பாட்டனார் காலத்திலிருந்தே ஹெரால்டின் நாடி அறிந்தவர். அவர் முன்னே ஓய்ந்துபோன பழையதையும் வைக்கவில்லை, விளக்கவுரையும் தொடங்கவில்லை. சாலை வண்டிக்குரிய நல்ல ஷாக் அப்சார்பர் ஒன்றையும், கழற்றிய பந்தயக் கருவி ஒன்றையும் என்னிடம் கொடுத்து, “இரண்டையும் இழுத்துப் பார், தம்பி, பிறகு அமுக்கிப் பார்” என்றார். சாலைக் கருவி அமுக்குவதற்கு ஓரளவு இணங்கியது. இழுப்பதற்கோ பெரிதும் முரண்டியது. பந்தயக் கருவி இழுத்தவுடன் தடையின்றி நீண்டது. அமுக்கியபோது யான் என் உடற்பாரம் முழுவதையும் அதன்மேற் சாய்க்க வேண்டியதாயிற்று.

“கெட்டியாக இருப்பது நல்லதுதானே, அண்ணே?” என்று என் சிறிய தந்தையார் கேட்டார்.

“எந்தப் பக்கம் கெட்டி என்று பார்க்க வேண்டாமா?” என்றார் மேஸ்திரியார்.

அவ்வொரு வினா எனக்கு முழு விளக்கமாயிற்று. பின்னர் நூல்களிற் படித்ததும் அதனையே உறுதிப்படுத்திற்று. வண்டியின் பாரத்தையும் பாதையின் அடியையும் தாங்குவது ஷாக் அப்சார்பர் அன்று; சுருள்வில்லே. மேட்டில் ஏறும்போது வில் சுருங்கி அவ்வடியைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பித் தருகிறது. தடுப்பார் இல்லையேல் வண்டி எழும்பும், தாழும், மீண்டும் எழும்பும். இங்கேதான் ஷாக் அப்சார்பரின் பணி தொடங்குகிறது. எண்ணெய் நிறைந்த ஒரு குழாய்; அதனுள் சிறு துளைகளையுடைய பிஸ்டன்; அத்துளைகளின் வழியே எண்ணெய் நெருங்கிப் புகுந்து செல்லுங்கால் வில்லின் துள்ளல் வெப்பமாக மாறித் தணிகிறது. நெடுந்தூரம் ஓடிய வண்டியில் அக்குழாயைத் தொட்டால் சூடு தெரியும். சாலை வண்டிகளில் இக்கருவி சுருங்குங்கால் குறைந்த தடையும் விரியுங்கால் மிகுந்த தடையும் காட்டுமாறு அமைப்பதே பெருவழக்கு. சுருங்கும்போது வில்லே எதிர்த்து நிற்கும். அதற்குத் துணை சிறிது போதும். வில் தன் ஆற்றலை வெளிவிட்டு விரியும்போதுதான் அதனை அடக்க ஒருவர் வேண்டும்.

பந்தயக் கருவியில் இம்முறை வேண்டுமென்றே தலைகீழாக்கப்பட்டுள்ளது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. பேராற்றல் வாய்ந்த இயந்திரம் பின் சக்கரங்களைத் திடீரெனச் சுழற்றுமாயின் அவை தரையைப் பற்றாமல் வழுக்கிச் சுழலும், டயர் புகையும், வண்டி பின்தங்கும். பற்றுதல் வேண்டுமெனின் பின் சக்கரங்களின்மேற் பாரம் மிகவேண்டும். பாய்ந்து புறப்படும் வண்டியில் பாரம் பின்னோக்கிச் சாய்வது இயல்பு. முகப்பு தடையின்றி எழுந்து, எழுந்தபடியே சற்று நிற்குமாயின் அப்பாரம் விரைந்து பின்னே சேரும். ஆகவே டிராக் வண்டியின் முன்புறத்திற்குத் ‘தொண்ணூறு-பத்து’ என்னும் கருவியைச் செய்தனர். அதன் தடையில் தொண்ணூறு பங்கு சுருங்குதற்கு. பத்தே பங்கு விரிதற்கு. அங்கு அஃது அறிவான ஏற்பாடு. நானூற்று நாற்பது கெஜமோ நானூறு மீட்டரோ, மட்டமான நேர்பாதையில் முகப்பு மிதந்தால் கேடு சிறிது, நலம் பெரிது. எங்கள் சாலையிலோ மேடு மோதும்போது அது விறைத்து நிற்கிறது. வில் துள்ளும்போது அது கைவிடுகிறது. பாட்டியாரின் இடுப்பில் விழுந்த இடி முன்னதால். மீன்பாடி வண்டியின் முன் நேர்ந்த தாமதம் பின்னதால்.

மேஸ்திரியார் மேலும் ஒன்று கேட்டார்: “இந்த எஞ்சின் டயரைப் புகைய வைக்குமா?” என் சிறிய தந்தையார் முதன்முறையாகச் சிரித்தார். 948 கன சென்டிமீட்டர் இயந்திரம் உலர்ந்த தாரில் டயரை வழுக்கச் செய்வது அரிது. தீர்க்க வேண்டிய நோயே இல்லாத உடம்பிற்கு மருந்து கொடுத்த கதை அது. நேர்பாதையில் ஓட விட்டிருந்தாலும் அவ்வண்டிக்கு அக்கருவியால் ஊதியம் ஏதுமில்லை.

சனிக்கிழமை பந்தயத் தளத்திலும் திங்கட்கிழமை அலுவலகச் சாலையிலும் ஒரே பழைய வண்டியை ஓட்டுவோர் அமெரிக்காவில் உண்டு. அவர்களுக்கெனத் தடையைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் கூடிய கருவிகள் விற்கின்றன. தளத்தில் ஒரு நிலை, சாலையில் மற்றொரு நிலை எனத் தவறாது மாற்றிக்கொள்வார்க்கு அவை பயன்படும். எங்களிடம் இருந்தவை அத்தகையன அல்ல. எங்களுக்குப் பந்தயத் தளமும் வேண்டியதில்லை.

ஹெரால்டுக்குரிய பழைய கருவிகள் எளிதிற் கிடைப்பதில்லை. மேஸ்திரியார் இரண்டு வாரம் தேடி, நீளமும் பூட்டும் கண்ணும் பொருந்திய வேறொரு சிறு வண்டியின் கருவிகளைக் கொணர்ந்து பூட்டினார். முகப்பின் ஒரு மூலையை அழுத்திக் கைவிட்டார். அது அமுங்கிற்று, எழுந்தது, எழுந்த இடத்திலேயே அமைதியாக நின்றது. “இவ்வளவுதான் வேண்டும்” என்றார். பந்தயக் கருவிகளை இருங்காட்டுக்கோட்டையில் வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர் விலைக்கு வாங்கிக்கொண்டார். அவர் தம் பந்தய வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. லாரியில் ஏற்றிச் செல்கிறார். அவை தமக்குரிய இடத்தைச் சேர்ந்தன என்பதில் என் சிறிய தந்தையார்க்கு மகிழ்ச்சியே. அவ்விலையில் ஒரு பகுதி பின்னிருக்கைக்குப் புதிய மெத்தையாயிற்று.

சோழவரத்தை இழந்துவிட்டதாக அவர் எண்ணுவாரோ என்று யான் அஞ்சினேன். ஒருநாள் அவரே சொன்னார்: “அப்பா என்னைச் சோழவரத்திற்கு மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போவார். வேகம் எல்லாம் அங்கே ஓடிய வண்டிகளுடையது. எங்கள் வண்டியில் நான் தூங்கிக்கொண்டே வீடு திரும்புவேன்.” அவர் தேடியது அவ்வுறக்கமாகவே இருந்திருக்கும். அதனைத் தரும் கருவி பந்தயக் கடையில் விற்பதன்று.

இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஒரு கருவி நன்றா தீதா என்று கேட்பதன்முன் எவ்விடத்தில், யாரை ஏற்றிக்கொண்டு என்று கேட்பது முறை. மாணவராகிய நமக்கும் இஃது அயலானதன்று. தேர்வு மண்டபமும் ஒரு கால் மைலே. மட்டமான பாதை, ஒரே குறி, மூன்று மணி நேரம். அதற்கென்றே நம்மை விறைப்பாக்கிக்கொள்வோமாயின் முந்தக்கூடும். ஆயினும் பட்டம் பெற்ற மறுநாள் நாம் இறங்கும் சாலையில் வேகத்தடைகளும் வெட்டு வடுக்களும் உள; நம்மை நம்பிப் பின்னிருக்கையில் அமர்வாரும் உளர். அங்கே அடி விழும்போது சற்று இணங்கவும், துள்ளும்போது தன்னை நிறுத்திக்கொள்ளவும் பழகியவனே பிறர்க்குப் பயன்படுவான்.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவேன். தாங்குவது வில், அக்கருவியின் தொழில் அடக்குவது. ஆகலின் ‘அதிர்வு தாங்கி’ என்பதினும் ‘அதிர்வடக்கி’ என்பது பொருளோடு ஒத்த பெயர் என்பது என் துணிபு. அறிஞர் ஏற்பினும் மறுப்பினும் எங்கள் பட்டறையில் அது வழக்கிற்கு வரப்போவதில்லை. மேஸ்திரியாரிடம் யான் இச்சொல்லைக் கூறியபோது, “பெயர் எதுவானாலும் எண்ணெய் கசியாமல் இருந்தால் சரி” என்றார். பாட்டியார் மட்டும் அதனை இருமுறை சொல்லிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார். இப்போது அவர்க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி வருவதில்லை.